பாட்டு கேட்டால் ஏன் புல்லரிக்கிறது?

முல்லைப் பெரியாறு தண்ணீர் வந்ததும் கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று நடவு தொடங்கும். சேற்றில் குனிந்திருக்கும் பெண்களில் ஒருத்தி குரலெடுப்பாள், மற்றவர்கள் பின்பாட்டு. இடுப்பு நோவு மறந்துபோகும். எப்படி?

தாளம் காதில் விழுந்தாலே, உட்கார்ந்திருப்பவரின் மூளையிலும் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. அடுத்த தட்டு எப்போது விழும் என மூளை முன்கூட்டியே கணிக்கிறது. கையும் அதற்கு ஒத்துப்போகிறது. பலர் ஒரே கதியில் உழைக்கும்போது வலி தாங்கும் சக்தி கூடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. உடலே சுரக்கும் எண்டார்ஃபின் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

இந்த மண்ணின் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்தவர் இசையமைப்பாளர் இளையராஜா. 1976இல் அவர் இசையமைத்த 'அன்னக்கிளி' படம் வந்தபோது, வயல்காட்டு மெட்டின் சாயலைத் திரையிசையில் கேட்டுச் சிலிர்த்தார்கள் மக்கள். அந்தச் சிலிர்ப்புக்கும் வேதியியல் உண்டு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிடித்த இசையின் உச்சத்தில் மூளையில் டோபமைன் சுரக்கிறது. எனக்கு வியப்பானது வேறொன்று: உச்சம் வருவதற்குச் சற்று முன்பே, எதிர்பார்ப்பிலேயே, மூளையின் இன்னொரு பகுதியில் அது சுரக்கத் தொடங்கிவிடுகிறது! பல்லவிக்குத் திரும்பும் அந்த நொடிக்காக நாம் ஏங்குவது அதனால் இருக்கலாம்.

உழைப்புக்கும் மனதுக்கும் இப்படித் துணை நிற்கும் பாட்டு, சிந்தனைக்கு இடைஞ்சலாகவும் ஆகலாம். பாடம் படிக்கும்போது வரிகள் உள்ள பாட்டு வேண்டாம். பாட்டின் சொற்களும் பாடத்தின் சொற்களும் ஒரே கவனத்துக்குப் போட்டியிடும். வெறும் வாத்திய இசையில் அந்தப் போட்டி குறைவு.