சேலை நிறம் போட்டோவில் மாறுதா?

சகோதரிகளே, சேலையூர்ப் பக்கம் ஒரு குழு உறுப்பினர் வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்ற பச்சைச் சேலை திரும்பி வந்துவிட்டது. "போட்டோல நீலமா இருந்துச்சே" என்றாராம் வாங்கியவர். கூரியர் செலவு நம்ம தலையில்.

குறை சேலையில் இல்லை, வெளிச்சத்தில். பெட்டியில் போட்டிருக்கும் கெல்வின் கணக்கில் 2,700 என்றால் மஞ்சள் வெளிச்சம். 6,500 வெள்ளை டியூப்லைட், நீலம் கலந்தது. நம்ம கண் இதைச் சரிபண்ணிக்கும். போன் ஊகிக்கத்தான் செய்யும். படம் முழுக்க ஒரே நிறம்னா ஏமாந்துபோகும்.

விளக்கை அணைத்துவிட்டு, நேர் வெயில் படாத ஜன்னலோரம் சேலையை விரியுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள். படத்தில் தாள் நீலமாகத் தெரிந்தால் எடிட்டில் 'வார்ம்த்' கூட்டுங்கள், மஞ்சளாக இருந்தால் குறையுங்கள். பச்சை தட்டினால் 'டின்ட்' கோட்டை ரோஸ் பக்கம் நகர்த்துங்கள். தாள் வெள்ளையானதும் அந்த ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பலாம். பில்டர் மட்டும் வேண்டாம், அது நம்ம முகத்தோட இருக்கட்டும்!