கணினி இல்லாமலே கணினி அறிவியல்: மொண்டிசோரி வழியில் ஐந்து அட்டைகள்



படிவம் 1-க்கான கணினி அறிவியல் அடிப்படைப் பாடம் 2017-இல் அறிமுகமானது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தமிழ்ப்பள்ளிகளில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு இதில் இரண்டு சுமை. கருத்தும் புதுசு, மலாய்க் கலைச்சொல்லும் புதுசு. இரண்டும் ஒன்றாக வந்து விழும்போது பிள்ளை என்ன செய்யும்? மனனம் செய்யும். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் அப்படியே நின்றுவிடும்.

இதற்கு மரியா மொண்டிசோரி அம்மையாரிடம் ஒரு வழி இருக்கிறது. 1907-இல் ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர் அவர். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம்மவர்களுக்கே பயிற்சி தந்தார். அவர் முறையின் சாரம் இதுதான்: முதலில் பொருள் கைக்கு வரட்டும், பெயர் பிறகு வரட்டும். இன்னொன்று, பிழையை ஆசிரியர் சொல்லக் கூடாது, பொருளே காட்ட வேண்டும்.

நியூசிலாந்துப் பேராசிரியர் டிம் பெல்லும் அவருடைய நண்பர்களும் கணினி இல்லாமலே கணினி அறிவியல் கற்பிக்கும் நடவடிக்கைகளைத் தொகுத்திருக்கிறார்கள். அவற்றில் பெயர்பெற்ற ஒன்றை மொண்டிசோரி வழியில் செய்து பாருங்க.

ஐந்து அட்டைகள்

மணிலா அட்டையில் ஐந்து துண்டுகள் வெட்டுங்கள். இடமிருந்து வலமாக 16, 8, 4, 2, 1 புள்ளிகள் இடுங்கள். பின்பக்கம் வெறுமை. "13 புள்ளி மட்டும் தெரியணும்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். பிள்ளை 8, 4, 1 அட்டைகளைத் திறந்து வைக்கும். திறந்ததற்கு 1, கவிழ்த்ததற்கு 0. விடை 01101. தப்பாகத் திறந்தால் புள்ளிகளை எண்ணும்போது அதற்கே தெரிந்துவிடும்.

பெயரை இப்போது சொல்லலாம். மொண்டிசோரி வகுப்பில் இதற்கு மூன்று படிகள். "இது இரும எண், மலாயில் நொம்போர் பெர்டுவாஆன்" என்று அறிமுகம் செய்வது முதல் படி. "இரும எண் எது, காட்டு" என்பது இரண்டாவது. "இது என்ன?" என்று கேட்பது மூன்றாவது. கையில் பிடித்த பொருளுக்கு இரண்டு மொழியிலும் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து, 128, 64, 32 என்று எண்ணாகவே எழுதிய மூன்று அட்டைகளை இடப்பக்கம் சேருங்கள். எட்டையும் திறந்தால் 255. 8-ஐ மட்டும் கவிழ்த்தால் 247, நம் தமிழ் எழுத்துகளின் தொகை! அதன் இரும வடிவம் 11110111.

தமிழ் வகுப்பிலும் செய்யலாம்

வரிசையாக்கத்துக்கு அகர வரிசையே போதும். வள்ளுவர், கபிலர், பாரதி, ஔவை, நக்கீரர் எனப் பெயர் அட்டைகள் கொடுங்கள். ஒரு நேரத்தில் பக்கத்துப் பக்கத்து இரண்டை மட்டும் ஒப்பிட்டு, தேவையானால் இடம் மாற்ற வேண்டும். முதல் சுற்றில் நான்கு ஒப்பீடு. முடிவில் 'வள்ளுவர்' கடைசிக்குப் போய்விடுவார். அடுத்து மூன்று, இரண்டு, ஒன்று. ஆக மொத்தம் பத்துக்கு மேல் போகாது. கணினியும் இப்படித்தான் இரண்டிரண்டாக ஒப்பிடுகிறது.

படிமுறைக்கு, கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போகும் வழியை அட்டைக்கு ஒரு கட்டளையாக எழுதச் சொல்லுங்கள். கொமுட்டர் ஏறு, கேஎல் சென்ட்ரலில் இறங்கு, பிறகு நட. இன்னொரு மாணவர் எழுதியபடியே நடித்துக் காட்டட்டும். "டிக்கெட் எடு" விட்டுப்போயிருந்தால் அங்கேயே நின்றுவிடுவார். எங்கே ஓட்டை என்று எழுதியவருக்கே புரியும்.

கணினிக் கூடத்தில் முறை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அட்டை, பேனா, கத்தரிக்கோல் போதும்.

மாணவர்களே, உங்களுக்குப் பயிற்சி: 19, 26, 30 ஆகியவற்றை ஐந்து அட்டைகளால் அமைத்து, பிறகு தாளில் எழுதுங்கள். விடை 10011, 11010, 11110. பொருந்தாவிட்டால் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள், எந்த அட்டை தப்பு என்று தெரியும்.