மொன்றியலிலிருந்து வடக்கே போன கப்பலும் ஒரு மிஷனரிக் குடும்பமும்

மொன்றியலில் வாழும் நமக்குப் பழைய துறைமுகம் நன்கு பழகிய இடம். கோடையில் ரொறன்ரோவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ உறவினர் வந்தால் நாம் அவர்களை முதலில் கூட்டிக்கொண்டு போவது அங்கேதான். ஆனால் 1933 முதல் 1947 வரை ஒவ்வொரு கோடையிலும் மொன்றியல் துறைமுகத்திலிருந்து வடதுருவப் பக்கமாக ஒரு கப்பல் புறப்பட்டுப் போனது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதன் பெயர் நாஸ்கோப்பி. ஹட்சன் விரிகுடாக் கம்பனிக்குச் சொந்தமான அந்தக் கப்பலில் மா, தேயிலை, துப்பாக்கி ரவை, தபால் மூட்டைகள் என்பவற்றுடன் வைத்தியர், பொலிசார், அரசாங்க அதிகாரிகள் ஆகியோரும் சென்றார்கள். மிஷனரிகளும் சென்றார்கள். வடக்கே இருந்த சிறு குடியிருப்புகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வெளியுலகைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கப்பல்தான்.

1944 இல் அந்தக் கப்பலில் ஜோன் ஹோபர்ட் என்ற ஆங்கிலேயப் பெண் வடக்கே போனார். அங்கே அவரை மணப்பதற்காகக் காத்திருந்தவர் அங்கிலிக்கன் பாதிரியார் ஜான் டர்னர். இங்கிலாந்தில் பிறந்த டர்னர் 1929 இல் பாஃபின் தீவின் வடமுனையிலுள்ள பொண்ட் இன்லெட்டுக்கு வந்தவர். பின்னர் மொஃபெற் இன்லெட் என்ற இடத்தில் மிஷன் வீடு ஒன்றை அமைத்தார். அந்த இடம் ஏறத்தாழ 72 பாகை வடக்கில் இருக்கிறது. ஆண்டில் பல வாரங்கள் அங்கே சூரியன் உதிப்பதில்லை. இனுயிட் மக்கள் அப்போது ஊராக ஓரிடத்தில் வாழவில்லை. வேட்டைக்கு ஏற்பச் சிறு சிறு கூட்டங்களாகக் கடற்கரை நெடுகப் பரந்திருந்தார்கள். எனவே பாதிரியார் கோயிலில் இருந்துகொண்டு சனங்களை எதிர்பார்க்க முடியாது. நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் நூற்றுக்கணக்கான மைல்கள் பயணம் செய்து, முகாம் முகாமாக அவர்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அவர்களுடைய இனுக்டிடுட் மொழியை டர்னர் கற்றுக்கொண்டார். வேதநூற் பகுதிகளை மொழிபெயர்க்கும் வேலையும் செய்தார். அந்த மிஷன் வீட்டில் இரண்டு பெண் குழந்தைகளும் வளர்ந்தார்கள்.

1947 யூலையில் நாஸ்கோப்பி கேப் டோர்செற் அருகே பாறையில் மோதி உடைந்தது. செப்டெம்பரில் டர்னருடைய துப்பாக்கி தவறுதலாக வெடித்து, ரவை அவருடைய தலைக்குள் பாய்ந்தது. செய்தி வானொலி வழியாகத் தெற்கே எட்டியது. ஒக்டோபர் தொடக்கத்தில் கனடிய இராணுவத்தினர் நால்வர் பரசூட் மூலம் அங்கே குதித்தார்கள். அவர்களில் ஒருவர் வைத்தியர். விமானம் இறங்கத்தக்க உறைந்த ஏரி ஒன்றைக் கண்டுபிடித்து, பனிக்கட்டி போதிய அளவு தடிக்கும்வரை வாரக்கணக்காகக் காத்திருந்தார்கள். நோயாளியை ஏரிக்குக் கொண்டுபோக இனுயிட் மக்களின் சறுக்குவண்டிகளும் நாய்களும்தான் உதவின. நவம்பர் பிற்பகுதியில் குடும்பம் முழுவதையும் விமானம் வின்னிப்பெக்குக்கு ஏற்றிச் சென்றது. டிசெம்பரில் டர்னர் அங்கே இறந்தார்.

அன்றைய கனடியப் பத்திரிகைகள் இதை ஒரு வீரக் கதையாகப் பெரிதாக எழுதின. ஆனால் புலம்பெயர்ந்து வாழும் நமக்கு அந்த வீரக் கதையைவிட முக்கியமான விடயம் ஒன்று இதில் இருக்கிறது. அது எழுத்துப் பற்றியது.

டர்னர் 1929 இல் வந்தபோது, அந்தப் பகுதி இனுயிட் மக்கள் பலர் ஏற்கெனவே எழுத வாசிக்கத் தெரிந்தவர்களாக இருந்தார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கவில்லை, ஆசிரியரும் இருக்கவில்லை. பிறகு எப்படி இது நடந்தது?

1840 இல் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற மெதடிஸ்த பாதிரியார், இன்றைய மனிற்றோபா மாகாணத்திலுள்ள நோர்வே ஹவுசில் கிறீ மக்களின் மொழிக்காக ஓர் எழுத்துமுறையை அச்சிட்டார். அச்சு இயந்திரம் இல்லாததால் தேயிலைப் பெட்டிகளின் ஈயத்தகட்டை உருக்கி எழுத்து வார்த்தார். புகைக்கரியிலிருந்து மை செய்தார். தோல் மூட்டைகளை அழுத்தும் இயந்திரத்தையே அச்சுக்குப் பயன்படுத்தினார். இந்த எழுத்து தங்கள் முன்னோர் ஒருவருக்குத் தரிசனத்தில் அருளப்பட்டது என்று சொல்லும் வாய்மொழி மரபும் கிறீ மக்களிடம் உண்டு. பின்னர் வேறு மிஷனரிகள் அதை இனுக்டிடுட் மொழிக்குப் பொருத்தினார்கள். 1894 இல் பாஃபின் தீவின் தென்கிழக்கே பிளக்லெட் தீவில் மிஷன் தொடங்கிய எட்மண்ட் பெக் அந்த எழுத்தில் நூல்களைக் கொடுத்தார். அதற்குப் பின் அந்த எழுத்தைப் பரப்பியவர்கள் பெரும்பாலும் இனுயிட் மக்களே. பனிவீட்டு விளக்கொளியில் தாய் பிள்ளைக்கும், வேட்டைக்குப் போன இடத்தில் ஒருவர் மற்றவருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். பாதிரியார்கள் வருவதற்கு முன்பே அவர்களுடைய எழுத்து வடக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

தமிழ் படித்தவருக்கு இந்த எழுத்து எளிதில் விளங்கும். நமது உயிர்மெய்யைப் போல ஒரு வடிவம் ஒரு முழு அசையைக் குறிக்கும். நாம் ‘ப’ வுக்குக் கொம்பும் விசிறியும் போடுகிறோம். அவர்கள் அதே வடிவத்தைத் திருப்பி வைக்கிறார்கள். கூர்முனை மேலே பார்த்தால் ‘பி’, வலப்பக்கம் பார்த்தால் ‘பு’, இடப்பக்கம் பார்த்தால் ‘ப’. ‘ப்’ என்று மெய்யை மட்டும் எழுத, ‘ப’ வின் வடிவத்தைச் சிறிதாக்கி மேலே வைப்பார்கள். நாம் மெய்யெழுத்துக்கு வைக்கும் புள்ளியை அவர்கள் நெடில் ஓசைக்கு வைக்கிறார்கள். மிஷனரி ஒருவர் எழுத்தில் கை வைத்த கதை நமக்கும் உண்டு. ஏகார ஓகார நெடில்களை இன்று நாம் எழுதும் முறை வீரமாமுனிவர் செய்த மாற்றம் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம்.

மிஷனரிகள் கொடுத்ததும் எடுத்ததும் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிய செய்தி அல்ல. 1847 இல் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதே காலத்தில் ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த அனுபவத்தோடு வெளியே வந்து, தமது சமயத்துக்காகப் பள்ளிக்கூடமும் அச்சகமும் நிறுவினார். வந்தவர்களின் கருவியை நம்மவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள்.

இனுயிட் மக்களுக்கு அப்படி எதிர்த்து நிற்பது இலகுவாக இருக்கவில்லை. பாட்டும் மேளமும் பழைய நம்பிக்கையும் பாவம் என்று விலக்கப்பட்டன. 1940களில் அரசாங்கம் அவர்களுடைய பெயருக்குப் பதிலாக இலக்கம் பொறித்த வட்டைக் கொடுத்தது. 1950 முதல் சி.டி.ஹவ் என்ற கப்பல் காசநோயாளிகளைத் தெற்கே ஏற்றிச் சென்றது. 1950களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ ஏழு இனுயிட் மக்களில் ஒருவர் தெற்கில் ஏதோ ஒரு சிகிச்சை நிலையத்தில் இருந்தார். சிலர் திரும்பவே இல்லை. அவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதுகூடப் பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் வதிவிடப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே தம் மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அங்கிலிக்கன் திருச்சபை 1993 இலும், கனடிய அரசாங்கம் 2008 இலும் அந்தப் பாடசாலைகளுக்காக மன்னிப்புக் கேட்டன. காசநோயாளிகளை நடத்திய முறைக்காக 2019 இல் அரசாங்கம் தனியாக மன்னிப்புக் கேட்டது. உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2013 ஏப்ரலில் மொன்றியலிலும் கூடி, பாடசாலைகளில் இருந்து மீண்டவர்களின் வாக்குமூலங்களைக் கேட்டது.

அந்தச் சிகிச்சை நிலையங்களிலிருந்து நோயாளிகள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரியாதவர்கள், தாய் சொல்லித் தந்த அந்த அசையெழுத்திலேயே எழுதினார்கள். வானஞ்சல் கடிதத்துக்காகக் காத்திருந்த நமது பெற்றோர்களுக்கு அந்தக் கடிதத்தின் பெறுமதி தெரியும். மிஷன் வீடு கைவிடப்பட்ட பின்பும், கப்பல் உடைந்த பின்பும் அந்த எழுத்து நிலைத்தது. 1999 இல் உருவான நுனவுட் பிரதேசத்தில் இன்று அது அரசாங்க அலுவலகப் பலகைகளில் இருக்கிறது.

இதில் நாம் எண்ணிப் பார்க்க இரண்டு விடயங்கள் உண்டு. முதலாவது, நமது பிள்ளைகளின் தமிழை முழுவதுமாகச் சனிக்கிழமை வகுப்பின் தலையில் கட்டிவிடுகிறோம். வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆசிரியர் எவ்வளவுதான் செய்ய முடியும்? பனிவீட்டில் எழுத்து வளர்ந்தது தேவை இருந்ததால். அம்மம்மாவுக்கு ஒரு கடிதம், கடைக்குப் போகும்போது ஒரு சாமான் பட்டியல், தம்பிக்கு ஒரு வாழ்த்து அட்டை என்று வீட்டுக்குள் தமிழில் எழுதவேண்டிய தேவையை நாம் உண்டாக்கினால் எழுத்துத் தங்கும்.

இரண்டாவது, கியூபெக்கின் வடபகுதியான நுனவிக்கிலிருந்து இனுயிட் மக்கள் இன்றும் சிகிச்சைக்காக மொன்றியலுக்கு வருகிறார்கள். வைத்தியசாலையிலும் மெற்றோவிலும் நம் அருகில் நிற்கிறார்கள். ஊரையும் மொழியையும் பிரிந்து அந்நிய நகரத்தில் நிற்பது என்னவென்று அறிந்த நாம் அவர்களை விலகிப் பார்ப்பது அழகல்ல. நமக்கு அடைக்கலம் தந்த இந்த மண்ணின் முதற்குடிகளைப் பற்றி நமது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்து வருகிறார்கள். அவர்களிடம் கேட்டாவது நாமும் தெரிந்துகொள்வோம்.