இயக்கமே மருந்து

தச்சர் ஒருவர் சாரத்தினின்று விழுந்தார்; வலக்கை மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. மருத்துவர் எலும்பைப் பொருத்தி மாவுக்கட்டு இட்டார். ஆறு வாரங்களில் எலும்பு கூடிற்று. கட்டைப் பிரித்த அன்று தச்சர் மகிழ்ச்சியோடு கையை அசைக்க முயன்றார். விரல்கள் பாதியளவே மடங்கின; மணிக்கட்டோ இறுகிக் கிடந்தது; முன்கையும் மெலிந்திருந்தது. இழைப்புளியைப் பற்ற இயலாத கை தச்சருக்கு எவ்வாறு உதவும்? இத்தகைய கையை மீண்டும் தொழிலுக்கு உரியதாக்கும் துறையே இயன்முறை மருத்துவம். பிசியோதெரபி என வழங்குவதும் இதுவே. வெப்பம், மின்சாரம் முதலியனவும் இதில் பயன்படும். எனினும், இதன் உயிர்நாடி இயக்கப் பயிற்சியே ஆகும்.

உழைக்குந்தோறும் தசை வலுப்பெறும். உழையாது கிடப்பின் மெலியும். மூட்டைச் சூழ்ந்துள்ள உறை, நெடுநாள் அசைவின்றி இருப்பின் சுருங்கி இறுகும். எலும்பு முனைகளைப் போர்த்திருக்கும் குருத்தெலும்பிற்குக் குருதிக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் சுரக்கும் நீரே அதற்கு உணவூட்டுகிறது. மூட்டு அசையும்பொழுதே அந்நீர் நன்கு பரவும். படுக்கையிலேயே கிடப்பவர்க்கு எலும்பும் வலுவிழக்கும். கால்களில் குருதி உறைதலும் நேரலாம்.

இயக்கத்தால் உடலைச் சீராக்கும் எண்ணம் பழைமையானது. சுவீடன் நாட்டினரான பெர் என்ரிக் லிங் என்பார், 1813-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவி, மருத்துவத்திற்குரிய பயிற்சிகளையும் வகுத்தார். ஆயினும், அறுவை மருத்துவம் பெற்றவரை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நிலவிற்று. இன்றோ, முழங்கால் மூட்டு மாற்றப்பெற்றவரைப் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ எழுந்து நிற்கச் செய்கின்றனர்.

இலக்கணத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை என இரண்டு உண்டு. இம்மருத்துவத்திலும் அத்தகைய பகுப்பு உண்டு. நோயாளியின் முயற்சியின்றிப் பயிற்றுநரே உறுப்பை அசைத்தல் முதல் வகை. செயலற்ற கைகால்களின் மூட்டுகள் இறுகாமல் காப்பது இது. நோயாளி முயல, பயிற்றுநர் தாங்கித் துணைபுரிதல் இரண்டாவது. நோயாளி தாமே அசைத்தல் மூன்றாவது. எடை முதலிய எதிர்ப்பை வென்று அசைத்தல் நான்காவது. நடை பழகும் குழந்தையைத் தாய் முதலில் இரு கைகளாலும் பற்றி, பின் ஒரு விரல் தந்து, இறுதியில் கையை விடுவது போன்றதே இம்முறை.

எவர்க்கு எப்பயிற்சி தகும் என்பதை அறியத் தசையின் வலிமையை அளப்பர். சிறு துடிப்பும் இல்லாத தசைக்கு 0. துடிப்பு மட்டும் தோன்றினால் 1. உறுப்பின் எடையைத் தாங்கிக் கொடுத்தால் நகர்த்தும் தசைக்கு 2. புவியீர்ப்பை எதிர்த்து உயர்த்தினால் 3. சிறிது எதிர்ப்பையும் வென்றால் 4. முழு வலிமைக்கு 5 என மதிப்பிடுவர்.

மருந்திற்கு அளவு உண்டு. இயக்கத்திற்கும் அளவு உண்டு. அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் டிலார்ம் என்னும் மருத்துவர், காயமுற்ற வீரர்களின் தசைகளை எடை தூக்கும் பயிற்சியால் வலுப்படுத்தினார். எடையைப் படிப்படியாக மிகுக்கும் அம்முறையை 1945-இல் வெளியிட்டார். பயிற்சியின்போது சிறிது இழுவை தோன்றுதல் இயல்பே. கடுமையான வலியோ வீக்கமோ உண்டானால் அளவு மிகுந்தது என்று உணர்தல் வேண்டும். கூடாத எலும்பையும் அழற்சியுற்ற மூட்டையும் மருத்துவரைக் கேளாமல் அசைத்தல் தீங்கு பயக்கும்.

இழந்தவை யாவும் பயிற்சியால் மீளும் என்பதன்று. வேலூரில் மருத்துவராக விளங்கிய மேரி வர்கீஸ் அம்மையார், 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் சிதைந்து, இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். கால்கள் மீளவில்லை. எஞ்சிய வலிமையைப் பயிற்சியால் வளர்த்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே, தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியின் பயனாகும். தாம் எழுந்து நடவாவிடினும் பலரை நடக்கச் செய்த பெருமை அவருக்கு உண்டு.

தச்சரின் கதைக்கு வருவோம். பயிற்றுநர் கற்பித்தவாறு அவர் நாள்தோறும் வெந்நீரில் கையை அமிழ்த்தி, விரல்களை மடக்கி நீட்டினார், துணிப்பந்தை அழுத்தினார். முதல் வாரம் பயன் ஒன்றும் தெரியாமல் சோர்வுற்றார். ஆயினும், பயிற்சியைக் கைவிடவில்லை. திங்கள் சில சென்றன. ஒருநாள் இழைப்புளி அவர் கைக்குள் அடங்கிற்று. மருந்தைப் பிறர் ஊட்டலாம். கட்டைப் பிறர் கட்டலாம். பயிற்சியை மட்டும் நோயாளியே செய்தல் வேண்டும்.