முள் எப்போது ஏறுகிறது?

கோடை விடுமுறை வந்துவிட்டால், ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் போகும் மலைப்பாதைகளில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஓரங்கட்டி நிற்கும் கார்களைப் பார்க்கலாம். தண்ணீர் ஊற்றினால் வண்டி அப்போதைக்கு நகரும். கோளாறு அப்படியேதான் இருக்கும். அதைப் பிடிக்க ஒரு கேள்வி போதும்: வண்டி எப்போது ஹீட் ஆகிறது?

சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்குகிறதா? ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள். ஓட்டத்தில் எதிர்காற்றே சூட்டைக் கொண்டுபோய்விடும். நின்றால் ஃபேன் சுற்றியாக வேண்டும். பெரும்பாலான கார்களில் ஏ.சி.யைப் போட்டதும் அது சுற்றும். சுற்றாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

ஹைவே வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டும் சூடேறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். வாட்டர் பம்ப் பழுதாகியிருக்கலாம். கூலன்ட்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீரையே ஊற்றிவந்தால் உள்ளே உப்பு படிந்து குழாய்கள் அடைபடும்.

ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்திலேயே முள் எகிறி, ரேடியேட்டர் மட்டும் சூடேறாமல் இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று பொருள். சுமார் 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் அது திறக்க வேண்டும். 'கழற்றிப் போட்டுடலாம் சார்' என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடும்; தேய்மானமும் எரிபொருள் செலவும் கூடும்.

கீழே ஒரு சொட்டு ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகப்படுங்கள். ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் பசை, சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை இரண்டும் சேர்ந்திருந்தால் தாமதிக்கக் கூடாது.

ரேடியேட்டர் மூடியும் லேசான பொருள் அல்ல. அது காக்கும் அழுத்தத்தால்தான் கூலன்ட் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் தேய்ந்தால் கொதிநிலை இறங்கிவிடும். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

வழியில் முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுதாக வையுங்கள். சிவப்பைத் தொட்டுவிட்டால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்து, அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். 'பக்கத்து ஊர் வரை போய்விடலாம்' என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். மூடி, ஹோஸ் மாற்றுவது சில நூறு ரூபாயில் முடியும். ஹெட்டைக் கழற்றினால் செலவு பல ஆயிரம்.