சூரனை நகர்த்துவது எது?

ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1899-இல் தொடங்கி அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது, முதுமக்கள் தாழிகளோடு இரும்பு வாள்களும் ஈட்டிகளும் அம்புமுனைகளும் வெளிவந்தன. அவற்றை ஏந்தியவர்கள் யார் சொல்லுக்கு நகர்ந்தார்கள், எந்த ஒலிக்கு நின்றார்கள் என்பதற்குத் தடயமில்லை. ஆயுதம் மண்ணில் மிஞ்சும். படையை நடத்திய முறை ஆட்களோடு போய்விடும். பழைய போரை நடத்திக்காட்ட முனைகிறவர்கள் முதலில் மோதும் சிக்கல் இதுதான். இங்கிலாந்தின் 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரை நிகழ்த்துவதற்காக 1968-இல் பிரிகேடியர் பீட்டர் யங் தொடங்கிய 'சீல்டு நாட்' அமைப்பு, ரெஜிமென்ட், அதிகாரி என்று ராணுவ அடுக்கையே கையாள்கிறது.

ஆதிச்சநல்லூர் இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூர்க் கடற்கரையில், ஐப்பசியில் கந்த சஷ்டியின் ஆறாம் நாள் நடக்கும் சூரசம்ஹாரம் வேறு வழியில் இயங்குகிறது. முருகனாகிய ஜெயந்திநாதர் களத்துக்கு எழுந்தருளியதும் அசுரனான சூரன் யானைமுகத்தோடு வந்து அவரைச் சுற்றுவான். வேல் பாயும், தலை கழலும். அதே உடலில் சிங்கமுகம் ஏறும், பிறகு சூரனின் சொந்த முகம், கடைசியில் மாமரம். இந்த வரிசைதான் தளபதி என்பேன். ஒரு தலை விழுந்தால் அடுத்தது என்னவென்று சுமப்பவர், மேளக்காரர், அர்ச்சகர் எல்லாருக்கும் தெரியும்; லட்சக்கணக்கில் கூடி நிற்கும் பக்தர்களுக்கும் தெரியும். அதனால் உரத்த ஆணைக்கு அங்கே வேலை குறைவு.

கூட்டத்தைக் காப்பது தடுப்புக் கட்டிய காவல்துறைதானே என்று கேட்கலாம். உண்மைதான், அது இல்லாமல் இன்று விழாவே நடக்காது. ஆனால் காவலர் காப்பது களத்தின் எல்லையை. உள்ளே சூரன் எப்போது திரும்ப வேண்டும் என்பது அவர்கள் கையில் இல்லை. புராணத்தை வரலாற்றுப் போரோடு சேர்க்கலாமா என்ற கேள்வி இன்னும் கனமானது. சூரசம்ஹாரத்தை வைத்து ஆதிச்சநல்லூர் மக்களின் போர்முறையை ஊகிப்பது தவறு. இரண்டையும் இணைக்கச் சான்றில்லை. சூரசம்ஹாரம் உண்மையில் நடந்த போரா என்பது வேறு விவாதம். பெருங்கூட்டம் ஒன்று பழகிய வரிசையாலேயே கட்டுப்பட்டு நகர முடியும் என்பதற்கு மட்டும் இந்த விழா கண்கூடான சான்று.

ஆதிச்சநல்லூரில் இரும்பைக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கிறோம். சூரனைச் சுமப்பவர்களின் தோளிலும் காலிலும் இருக்கும் அறிவையும் அவர்களிடமே கேட்டு, அவர்கள் பெயரோடு எழுதிவைக்க வேண்டும். கோயில் நிர்வாகமும் நம் பல்கலைக்கழகங்களும் இதற்கு முன்வரட்டும்.