கம்பியால் கட்டிய சுவிட்ச்

நெய்வேலிச் சுரங்கக் களிமண் பக்கத்திலேயே கிடைப்பதால் விருத்தாசலத்தில் வளர்ந்த தொழில் செராமிக். ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், பொம்மை என்று இங்கிருந்து போகும் பொருட்கள் பல. இத்தொழிலில் மண்ணைப் பிசையும் இயந்திரம் பக் மில். உள்ளே தண்டில் கத்திகள் சுழலும். மேலே மண் போடும் வாய். ஈரமண் ஒட்டிக்கொண்டு இறங்காவிட்டால் கையால் தள்ளத் தோன்றும். கத்தி விரலைப் பிடித்தால் கையையே இழுத்துவிடும்.

வாய்க்கு மேல் இரும்புக் கிராதி போட்டு, அதைத் தூக்கினால் மோட்டார் நிற்கும்படி சுவிட்ச் வைப்பதுதான் இன்டர்லாக். கிராதியை மூடியதும் இயந்திரம் தானாக ஓடக் கூடாது; பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓட வேண்டும். அரைக்கும் இயந்திரமான பால் மில் (ball mill) போல, மோட்டாரை நிறுத்திய பிறகும் சுற்றும் இயந்திரத்துக்கு, அது முழுதாக நிற்கும்வரை வேலியைத் திறக்கவிடாத பூட்டும் தேவை.

ஆனால் மண் அடிக்கடி அடைத்தால், ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திறக்க வேண்டும். உருப்படிக்குக் கூலி என்றால் அந்த நேரம் சம்பளத்தில் குறையும். கிராதி திறந்திருந்தாலும் மோட்டார் ஓடும்படி சுவிட்சைக் கம்பியால் கட்டிவிடுவது அங்கேதான் தொடங்குகிறது. இது நம் ஊர்க் குணம் அல்ல. ஜெர்மனியில் உலோகத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து 2006இல் வெளியான அறிக்கை, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பாதுகாப்பு அமைப்புகள் முடக்கப்பட்டிருந்ததாகச் சொன்னது. தொழிலாளியைத் திட்டிப் பயனில்லை. மண்ணின் ஈரத்தைச் சரிசெய்து, கை எட்டாத உயரத்துக்கு வாயை நீட்டி, தள்ள மரக்கட்டை கொடுத்தால் கம்பி கட்டும் தேவையே குறையும்.

மின்வெட்டு இன்னொரு ஆபத்து. கரண்ட் போனதும் அடைப்பை எடுக்கக் கையை உள்ளே விடுகிறார்கள். ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் இருந்தால் கரண்ட் திரும்பினாலும் மோட்டார் ஓடாது. மெயின் சுவிட்சிலேயே நேரடியாக ஓட்டினால் கை உள்ளிருக்கும்போதே கிளம்பும். உயிருக்கு முன் அந்தக் காயிலின் விலை ஒரு செலவே அல்ல.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்கு வேலி கட்டாயம் என்றது. அச்சட்டப்படி, மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் கொட்டகைகள் இரண்டு கணக்கிலும் வராது. அங்கே ஆய்வாளர் வருவார் என்று காத்திருக்க முடியாது. ஊரிலேயே அரசின் செராமிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்கள் பட்டறைகளுக்கு நேரில் போய், பக் மில்லில் வேலை செய்பவர்களிடமே கேட்டு, அவர்களுக்குத் தோதான கிராதியை வடிவமைத்துக் கொடுக்கட்டும்.